வட்டமா, கீறலா

லிகெர்ஸ் ஊருக்கு மேலே
திராட்சைத் தோட்டங்களைத் தாங்கிப் பிடிக்கும் கல்மதில்.
ஏப்ரல் மாதத்துப் பத்தரை மணி வெயில்
கல்லில் ஏறியிருந்தது,
காற்றில் இன்னும் ஏறவில்லை.
கீழே பீல் ஏரி, தகரம் மாதிரி.

முன்னால் போன பவளராணி நின்றாள்.
பின்பக்கமாய் ஒரு கையை நீட்டி என்னை மறித்தாள்,
கார் ஓட்டுகிறவர்கள் சடுதியாய் பிரேக் போடும்போது
பக்கத்து இருக்கையில் கிடக்கும் பையை மறிக்குமாப்போல.

"பூச்சி," என்றாள்.

இரவில்தானே பேர் சொல்லக் கூடாது,
இப்போது பட்டப்பகல் என்றேன்.
"அதுக்கு என்ன நேரமெண்டு
ஆருக்குத் தெரியும்?"

ஒரு முழம் இருக்கும்.
ஒன்றரை என்றாள் அவள்.
சாம்பலில் தேயிலைச் சாயம் சிந்தின நிறம்.
முதுகில் குறுக்குப் பட்டைகள்,
இடதும் வலதும் பொருந்தாமல்,
அவசரத்தில் பொத்தான் மாறிப் பூட்டிய சட்டைபோல.

"புடையன்."
இங்கே புடையன் இல்லை மச்சாள்.
"அப்ப புடையன்ரை சொந்தக்காரர்."

போன மாரியில்
முழங்கால் பயிற்சிக்கு என்னிடம் வந்தவர் வால்ட்டர் ஸுட்டர்.
முப்பது வருசமாய் இந்தச் சரிவில் பாம்பு எண்ணுகிறவர்.
வலிக்கும்போதெல்லாம் ஒரு பாம்பைப் பற்றிச் சொல்வார்.
அவருக்குப் படம் அனுப்பினேன்.
உடனே பதில் வந்தது:
படத்தில் கல்தான் தெரிகிறது.
கண்மணி வட்டமா, நிமிர்ந்த கீறலா?
தலையில் பெரிய தகடுகளா, பொடிச் செதில்களா?
கண்ணுக்கும் மேலுதட்டுக்கும் நடுவே
செதில் ஒரு வரிசையா, இரண்டா?

வாசித்துக் காட்டினேன்.
"பொம்பிளை பாக்க வந்தவையும்
இவ்வளவு கேக்கேல்லை," என்றாள்.

நான் குந்தினேன்.
ஊராரின் முழங்காலைப் பார்க்கிற எனக்கு
இரண்டு முழங்காலும் சத்தம் போட்டன.
இரண்டு பாகம் தூரத்துக்கு மேல்
கிட்டப் போக உடம்பு விடவில்லை.
அந்தத் தூரத்தில்
அதற்குக் கண் இருந்தது, அவ்வளவுதான்.
கட்செவி என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியது:
கண்ணே காதாம்.
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
நாக்கு ஒருமுறை வெளியே வந்தது,
எங்களை ருசி பார்த்தது,
போதும் என்று உள்ளே போனது.

"எங்கட அண்ணைமார் முதல்லை அடிப்பினம்,"
எனக்குப் பின்னால் அவள் சொன்னாள்,
"பிறகுதான் என்ன பாம்பெண்டு பாப்பினம்."

பிறகு கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

அடையாளம் காட்ட வரச்சொல்லி
அவளை ஒருமுறை கூப்பிட்டிருக்கிறார்கள்.
வவுனியாவில்.
ஆஸ்பத்திரியின் பின்கட்டில்.
எத்தனை பேரைக் குனிந்து பார்த்தாள்,
எந்தத் தழும்பைத் தேடினாள்
என்று நான் கேட்டதில்லை.
கல்யாண வீடுகளில் வாசனைத் தண்ணீர் தெளிக்கும்போது
அவள் ஒரு அடி பின்னால் போவதை மட்டும் கண்டிருக்கிறேன்.

இப்போது என்னைத் தாண்டிப் போனாள்.
சத்தமில்லாமல், காலைத் தூக்கி வைத்து,
வெயிலை மறித்துக் குனிந்தாள்.
பாம்பு அசையவில்லை.
அவளும் அசையவில்லை.
போதும், வா, என்று நான் சொன்னது
கண்ணே காதான அதற்குக் கேட்டிருக்கலாம்,
அவளுக்குக் கேட்கவில்லை.

"கீறல்," என்றாள்.
"நெட்டுக் கீறல். தலையில பொடிச் செதில்."
பிறகு, உதடு மட்டும் அசைய எண்ணி,
"ரெண்டு வரிசை."

அவசரமில்லாமல் அது திரும்பியது.
கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே
விரல் நுழையாத ஓர் இடம்.
தலை போனது, சட்டை போனது,
வால் நுனி சற்று யோசித்துவிட்டுப் போனது.

இரண்டாம் படத்தையும்
அவள் சொன்ன கணக்கையும் அனுப்பினேன்.
ஏரியோரத்து நிலையத்துக்கு இறங்கும்போது பதில் வந்தது.
அப்படியென்றால் ஆஸ்பிஸ் விரியன்,
ஆனால் படத்தில் தலைமேல் நிழல் விழுந்திருக்கிறது,
ஒன்றும் தெரியவில்லை.
எண்ணியது யார்?

என் மச்சாள்.

நிச்சயமாகத்தானா?

அவள் மேடையில் நின்று
பயணச்சீட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்,
பையின் ஒவ்வொரு அறையாய்.
அவளிடம் நான் கேட்கவில்லை.
ஓம் என்று எழுதினேன்.